தள்ளுபடியான மனு: சி.பி. முத்தம்மாவும் வெளியுறவுப் பணியின் கல்யாண விதியும்

1979 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு ரிட் மனுவைத் தள்ளுபடி செய்தது. மனு போட்டவர் சி.பி. முத்தம்மா. அந்தச் சமயத்தில் அவர் நெதர்லாந்துக்கான இந்தியத் தூதராக ஹேக் நகரில் இருந்தார். அவர் வழக்குத் தொடுத்தது, எந்த அரசின் சார்பாக அந்நிய மண்ணில் கொடியேற்றிக்கொண்டிருந்தாரோ அதே இந்திய அரசின் மேல். பணியில் இருக்கும் ஒரு தூதர் தன் அரசையே கோர்ட்டுக்கு இழுப்பது இன்றைக்கும் சாதாரண விஷயமில்லை.

முத்தம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி" என்று தொடங்கி, "வழக்குப் போட்டு வென்றார்" என்று முடித்துவிடுவார்கள். முதல் பாதி சரி. போட்டித் தேர்வு எழுதி அந்தப் பணிக்குள் வந்த முதல் பெண் அவர்தான். இரண்டாவது பாதி அவ்வளவு நேரானது அல்ல. மனு தள்ளுபடி ஆனது. ஆனால் அவர் எதிர்த்த விதி போய்விட்டது, கேட்ட பதவி உயர்வும் வந்துவிட்டது. அதோடு, நீதிமன்றம் தொடாமலே விட்ட ஒரு பகுதியும் அந்த மனுவில் இருந்தது. என் பார்வையில் மனுவின் கனமான பகுதி அதுதான்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். சோனிர பெள்ளியப்பா முத்தம்மா 1924 ஜனவரியில் குடகு நாட்டின் விராஜ்பேட்டையில் பிறந்தார். அப்பா வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதானபோது இறந்துபோனார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தது அம்மா. மடிகேரியில் கான்வென்ட் படிப்பு முடிந்ததும் சென்னை. குடகிலிருந்து மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்கு அப்போது சென்னைதான் வழக்கமான வழி. நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் தங்கப் பதக்கங்களோடு பட்டம், அப்புறம் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அங்கிருந்து யுபிஎஸ்சி தேர்வு.

வெளியுறவுப் பணி 1946 அக்டோபரில்தான் உருவாகியிருந்தது. வெள்ளையர் காலத்து ஐசிஎஸ் அதிகாரிகள், ராணுவத்திலிருந்து வந்தவர்கள், சமஸ்தான நிர்வாகத்தில் இருந்தவர்கள் என்று கிடைத்தவர்களைக் கொண்டு அவசரமாகக் கட்டப்பட்ட அமைப்பு. போட்டித் தேர்வு மூலம் ஆள் எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. அந்தத் தொடக்ககாலத் தேர்வு ஒன்றில் தேறி 1949இல் முத்தம்மா பணியில் சேர்ந்தார்.

சேர்ந்த விதத்தை அவரே பின்னாளில் தன் மனுவில் விவரித்திருக்கிறார். நேர்முகத் தேர்வில் ஆணையத்தின் தலைவர், வெளியுறவுப் பணி வேண்டாம் என்று அவரைத் தடுக்கப் பார்த்தார். நேர்முகத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் போடத் தன் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகப் பிற்பாடு அதே தலைவர் சொல்லவும் செய்தார். இதை ஒளிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, பாருங்கள். இத்தனைக்கும் மேல் முத்தம்மா தேறிவிட்டார். பணியில் சேரும்போது ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள்: கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இரண்டு ஆண்டு கழித்து 1951இல் ஐஏஎஸ்ஸுக்குத் தேர்வான அன்னா ராஜம் ஜார்ஜும் சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்தவர்தான். திருமணமானால் பணி முடிவுக்கு வரும் என்ற வரி அவருடைய நியமன ஆணையிலும் இருந்தது. மாவட்ட நிர்வாகத்துக்குப் பெண் சரிப்படுவாரா என்ற தயக்கம் முதலமைச்சர் ராஜாஜிக்கு இருந்தது. தலைமைச் செயலகத்தில் உட்கார இடம் தருகிறோம் என்றார்கள். அன்னா ராஜம் விடாமல் வாதாடி ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார். பின்னாளில், தன் பேட்ச்மேட்டும் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவருமான ஆர்.என். மல்ஹோத்ராவைத் திருமணம் செய்துகொண்டார்.

ஆக, 1949இல் வாய்மொழித் தயக்கமும் ஓர் உறுதிமொழித் தாளும்தான் இருந்தன. 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அதன் 16ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இதற்குப் பிறகாவது அந்தத் தாள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நேர்மாறாக, 1961இல் வெளியுறவுப் பணிக்கான விதிகளைப் புதிதாக எழுதியபோது அதையே சட்டமொழியில் வார்த்துச் சேர்த்தார்கள்.

இரண்டு விதிகள். நடத்தை விதிகளில் 8(2): பெண் அதிகாரி திருமணத்துக்கு முன்பு அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்புகள் அவருடைய பணிக்கு இடைஞ்சலாகக்கூடும் என்று அரசு கருதினால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆளெடுப்பு விதிகளில் 18(4): திருமணமான எந்தப் பெண்ணும் இந்தப் பணியில் நியமனம் கோருவதை உரிமையாகக் கொள்ள முடியாது. ஆண் அதிகாரிகளுக்கு இப்படி எதுவும் கிடையாது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்று சொல்லிச் சமாதானம் அடைவது சுலபம். தீர்ப்பிலேயேகூட அந்தத் தொனி கொஞ்சம் உண்டு. ஆனால் 1961 என்ற ஆண்டைக் கவனியுங்கள். விஜயலட்சுமி பண்டிட் அதற்குள் மாஸ்கோ, வாஷிங்டன், லண்டன் மூன்றிலும் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்து முடித்திருந்தார். 1953இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவராகவும் ஆகியிருந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். பெண்ணைத் தூதராக்கினால் உலகம் ஏற்காது என்ற சாக்கு எடுபடாத காலம். அரசியல் நியமனமாக ஒரு பெண்ணை அனுப்ப டெல்லிக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. தேர்வெழுதி, சீனியாரிட்டியோடு, ஆண்களுக்குச் சமமாக வரிசையில் நின்று மேலே வரப்போகும் பெண்தான் சிக்கல்.

அந்த விதியை எழுதியவர்கள் தரப்பு நியாயம் என்ன? அன்றைய வெளியுறவுப் பணி என்பது நடைமுறையில் இரண்டு பேர் பார்க்கும் வேலை. சம்பளம் ஒருவருக்கு. அதிகாரி அலுவலகத்தில் டெல்லிக்குக் கேபிள் (தந்திச் செய்தி) எழுதுவார். மனைவி வீட்டில் விருந்து நடத்துவார், மற்ற தூதர்களின் மனைவிமாரோடு பழகுவார், சுதந்திர தின வரவேற்புக்கு முந்நூறு பேருக்குச் சமோசா கணக்குப் போடுவார். அமெரிக்காவில் 1972 வரை மனைவியின் நடவடிக்கையையும் கணவரின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் எழுதிவந்தார்கள். இந்த ஏற்பாட்டில் பெண் அதிகாரியை எங்கே வைப்பது? கல்யாணம் ஆகாதவர் என்றால் விருந்து நடத்த மனைவி இல்லை. ஆனவர் என்றால் கணவர் தன் வேலையை விட்டுவிட்டு கானாவின் அக்ராவுக்கோ ஹங்கேரியின் புடாபெஸ்ட்டுக்கோ கூடவே வருவாரா? வரமாட்டார் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் தகுதிக்குறைவு பெண்ணிடம்தான் வந்து நிற்கும்.

இந்தியா மட்டும் இப்படி இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். பிரிட்டன் தன் ராஜதந்திரப் பணிக்குள் பெண்களை விட்டதே 1946இல்தான். கல்யாணமானால் வெளியேற வேண்டும் என்ற தடை எழுபதுகளின் தொடக்கம் வரை நீடித்தது. அமெரிக்காவில் பணியிலிருந்தே உயர்ந்து தூதரான முதல் பெண் பிரான்சிஸ் வில்லிஸ், 1953இல் சுவிட்சர்லாந்துக்கு. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது கொழும்பில் அமெரிக்கத் தூதராக இருந்தவரும் அவரே. அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. முத்தம்மாவும் செய்துகொள்ளவில்லை.

பாரிஸ், ரங்கூன், லண்டன், நடுவில் டெல்லியில் பாகிஸ்தான், அமெரிக்கா தொடர்பான பிரிவுகள் என்று முத்தம்மாவின் வேலை நகர்ந்தது. 1970இல் ஹங்கேரிக்குத் தூதர். வெளியுறவுப் பணிக்குள்ளிருந்து அந்த இடத்துக்கு உயர்ந்த முதல் இந்தியப் பெண். பிரிட்டன் தன் பணியிலிருந்து ஒரு பெண்ணைத் தூதராக்கியது 1976இல், டென்மார்க்குக்கு ஆன் வார்பர்ட்டனை அனுப்பியபோதுதான். அந்த வகையில் இந்தியா ஆறு ஆண்டு முந்திக்கொண்டது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தத் தூதரை ஆளும் விதிப்புத்தகத்தில் 8(2) அப்போதும் அப்படியே கிடந்தது. நாட்டின் பிரதமர் ஒரு பெண் என்பது அதை அசைக்கவில்லை. 18(4)ஐ மட்டும் 1973 நவம்பரில் சத்தமில்லாமல் எடுத்தார்கள். 1975 சர்வதேச மகளிர் ஆண்டு வந்தது, தபால்தலை எல்லாம் வெளியிட்டார்கள், போனது. 8(2) இருந்த இடத்தில் இருந்தது.

ஹங்கேரிக்குப் பிறகு கானா. இதற்குள் முப்பது ஆண்டு சர்வீஸை நெருங்கியாகிவிட்டது. அடுத்தது கிரேடு ஒன்று, பணியின் உச்சிக்குப் போகும் படி. அங்கே அவர் பெயர் விடுபட்டது. பதவி உயர்வுக்குப் போதுமான தகுதி இல்லை என்று சொல்லப்பட்டது. அவருக்கு ஜூனியர்கள் சிலர் மேலே போனார்கள்.

இந்த இடத்தில் பதவி உயர்வு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கீழ்ப்படிகளில் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கு போதும். மேல்படிகளில் "தகுதி அடிப்படையில் தேர்வு". மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய ரகசியக் குறிப்புகளை ஒரு குழு பார்க்கும். பட்டியல் மத்திய அமைச்சரவையின் நியமனக் குழுவுக்குப் போகும். யார் பெயர் ஏன் நின்றது, ஏன் விழுந்தது என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு வாய்ப்பை மறுக்க 8(2) போன்ற விதியே தேவையில்லை, இந்த ஒரு ஏற்பாடு போதும்.

முத்தம்மா இரண்டையும் சேர்த்தே கேள்விக்குட்படுத்தினார். அவருடைய வாதத்தின் கட்டமைப்பு சாமர்த்தியமானது. எனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்று மட்டும் போனால், அது தகுதி விஷயம், நாங்கள் தலையிட மாட்டோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கும். எனவே விதிகளைக் காட்டினார். பாருங்கள், இந்தப் பணி பெண்களை எப்படிப் பார்க்கிறது என்று அதன் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. என் தகுதியை எடைபோட்டவர்கள் இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். நியமனக் குழுவினர் பெண்கள் என்ற இனத்தின் மீதே முன்முடிவு கொண்டவர்கள் என்று மனு நேரடியாகவே குற்றஞ்சாட்டியது. திருமண விதி அவரைச் சொந்த வாழ்க்கையில் தொட்டதே இல்லை என்பதால் அதை எதிர்க்க அவருக்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது: விதி அவருக்குச் சான்றாவணம்.

வழக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரிடம் வந்தது முத்தம்மாவின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பாலக்காட்டில் பிறந்தவர், 1957இல் கேரளத்தின் முதல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இருந்தவர். உடன் அமர்ந்தவர் நீதிபதி பி.என். சிங்கல். அரசுக்காக வாதாடியவர் சொலிசிட்டர் ஜெனரல் சோலி சொராப்ஜி.

விசாரணைக்கு வருவதற்குள் அரசு இரண்டு காரியம் செய்துவிட்டது. மனு தாக்கலான பிறகு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்து ஹேக்குக்குத் தூதராக்கியது. சில மாதத்துக்கு முன்பு போதாமல் இருந்த தகுதி திடீரென்று போதுமானதாகிவிட்டது! அடுத்ததாக, 18(4) எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது, 8(2)ஐயும் நீக்கி அரசிதழில் வெளியிடப்போகிறோம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தோற்கப்போகிற வழக்கில் அரசுகள் வழக்கமாகச் செய்வதுதான் இது. தீர்ப்பு வருவதற்கு முன்பே குறை தீர்ந்துவிட்டால் தீர்ப்பு சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

கிருஷ்ணய்யர் அப்படி விட்டுவிடவில்லை. நீக்கப்பட்ட, நீக்கப்படவிருந்த இரண்டு விதிகளையும் தீர்ப்பில் முழுதாக எடுத்துப் போட்டுக் கிழித்தார். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் அரசுக்கு என்ன ஆபத்து உண்டோ அதே ஆபத்து ஆண் அதிகாரி செய்துகொண்டாலும் உண்டு அல்லவா என்று கேட்டார். குடும்பச் சுமை பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையையும் கெடுக்கலாமே. திருமணமான ஆணுக்கு உள்ள உரிமை திருமணமான பெண்ணுக்கு ஏன் குறைய வேண்டும்? புத்தகத்திலிருக்கும் அரசியலமைப்புக்கும் நடைமுறையிலிருக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்துக்கு இது வருத்தமான சாட்சி என்றும் எழுதினார். இவ்வளவு உயரத்தில் இருக்கும் அதிகாரிக்கே நியாயம் கிடைக்காது என்றால் சாமானிய இந்தியனின் கதி என்ன என்ற கேள்வியும் தீர்ப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

அதே தீர்ப்பில் ஒரு பின்வாங்கலும் உண்டு. எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவிதி வகுக்க நாங்கள் வரவில்லை, வேறுபாட்டுக்குக் காரணம் காட்ட முடிந்தால் அது செல்லும் என்று ஒரு பத்தி. கூரான கத்திக்கு உறை போட்டதுபோல. இதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் இன்னொரு அமர்வு, முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்தது. ஆனால் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியை நியாயமானது என்று ஏற்றுக்கொண்டது. ராணுவ நர்ஸுகளுக்கான 1977ஆம் ஆண்டு விதி ஒன்று, திருமணம் செய்துகொள்கிறவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றது. அது திரும்பப் பெறப்பட்டது 1995இல். அதன்படி 1988இல் வெளியேற்றப்பட்ட ஒரு நர்ஸுக்கு உச்ச நீதிமன்றம் 60 லட்ச ரூபாய் வழங்கச் சொன்னது 2024 பிப்ரவரியில். எல்லாப் பணிவிதிகளையும் ஒருமுறை துப்புரவாகப் பாருங்கள், யாராவது ரிட் போடட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்று 1979 தீர்ப்பு அரசிடம் சொல்லியிருந்தது. அரசு காத்திருந்தது.

சரி, பதவி உயர்வு விஷயத்துக்கு வருவோம். வழக்குக்குப் பின் உயர்வு வந்தது, அதனால் வழக்கால்தான் வந்தது என்று கொள்ளலாமா என்று தீர்ப்பு ஒரு லத்தீன் தொடரில் கேட்கிறது. நீதி கிடைத்துவிட்ட இடத்தில் மேலே துருவுவது வேண்டாத வேலை என்று அதற்குத் தானே பதிலும் சொல்லிக்கொள்கிறது. இடைப்பட்ட மாதங்களில் முந்திப்போன ஜூனியர்களோடு ஒப்பிட்டு முத்தம்மாவின் சீனியாரிட்டியை மறுபரிசீலனை செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டுவிட்டு, மனுவைத் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையைத் தள்ளுபடி செய்யவில்லை என்று முடித்தது. கேட்க நன்றாக இருக்கும் வரி. ஆனால் முத்தம்மா எழுப்பிய கடினமான கேள்வி, அதாவது அந்த முதல் மதிப்பீட்டில் தகுதி இல்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்பது, விசாரிக்கப்படவே இல்லை. அரசு பதவி உயர்வை முன்கூட்டிக் கொடுத்து வாங்கிக்கொண்டது இந்த மௌனத்தைத்தான் என்று நினைக்கிறேன். 8(2) போனதில் அதற்குப் பெரிய இழப்பில்லை. தேர்வுக் குழுவின் குறிப்புகள் கோர்ட்டுக்கு வந்திருந்தால் அது வேறு கதை.

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்றார். ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே தலைமையில் ஆயுதக் குறைப்பு பற்றி ஆராய்ந்த சர்வதேச ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இருந்தார். நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட், அமெரிக்காவின் சைரஸ் வான்ஸ் போன்றவர்கள் உடன் இருந்த ஆணையம் அது. நிர்வாகத்தைப் பற்றிக் காரமான கட்டுரைகள் எழுதினார், குடகுச் சமையல் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். 2009 அக்டோபரில் பெங்களூரில் காலமானார்.

விதி நீங்கியதன் பலன் அடுத்த தலைமுறையில் கண்ணுக்குத் தெரிகிறது. 1973இல் பணியில் சேர்ந்த நிருபமா ராவை எடுத்துக்கொள்ளலாம். அவர் சேர்ந்தபோது 8(2) நடைமுறையில் இருந்தது. கணவர் கர்நாடகக் கேடர் ஐஏஎஸ் அதிகாரி, மாநிலத் தலைமைச் செயலர் வரை போனவர். மனைவி கொழும்பில் ஹை கமிஷனராக, பெய்ஜிங்கில் தூதராக, கணவர் பெங்களூரில். 1961 விதியை எழுதியவர்கள் நடக்காது என்று நினைத்த வாழ்க்கை இதுதான். 2009 ஆகஸ்டில் அவர் வெளியுறவுச் செயலரானார். அவருக்கு முன் 2001இல் சோகிலா ஐயர், பின் 2013இல் சுஜாதா சிங். 1996இல் ஜெனீவாவில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாது, இப்போதும் இல்லை, பிறகும் இல்லை என்று அறிவித்த அருந்ததி கோஷையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். குடும்பக் கடமை வேலையைப் பாதிக்கும் என்ற பேச்சு இவர்களில் யாரிடமும் எடுபட்டிருக்காது.

எழுதாத பகுதி மட்டும் அவ்வளவு எளிதில் மாறவில்லை. 2006இல் சிவசங்கர் மேனனை வெளியுறவுச் செயலராக அறிவித்தபோது அவருக்கு மூத்தவர்கள் பலரைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவர் வீணா சிக்ரி, அப்போது டாக்காவில் ஹை கமிஷனர். அவர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். மேனன் அந்தப் பதவிக்குப் பொருத்தமானவர்தான் என்று பலர் சொன்னார்கள், சொல்லலாம். தாண்டப்பட்டவர்களில் ஆண்களே அதிகம் என்பதும் உண்மை. அதனாலேயே இந்த மாதிரி விஷயத்தில் பாகுபாடு இருந்தது என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. 8(2)க்கு எதிராக வழக்காட ஒரு வாசகம் கையில் இருந்தது. "தகுதி அடிப்படையில் தேர்வு" என்பதற்கு எதிராகக் காட்ட வாசகம் எதுவும் கிடையாது. அந்தக் குறிப்புகள் அமைச்சரவை நியமனக் குழுவின் கோப்புகளில்தான் இருக்கும்.